கெட்டில் பக்கத்து நாற்காலி

ஈஸ்டர் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் குடும்பத்தின் மாபெரும் போட்டி வழக்கம்போலத் தொடங்கியது. ஐம்பதாவது ஆண்டு. கலந்துகொண்டவர்கள் மூன்று பேர். நேரில் வந்திருந்தவள் ஒருத்தி.

அந்த ஒருத்தி கிளெனிஸ். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். தாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில், பெட்ரல் விரிகுடாவின் மணல் மேட்டில் அவளுடைய அப்பா ஆல்பி தன் கையால் அடித்து நிறுத்திய தகரக் கொட்டகைக்கு முதல் நாளே வந்துவிட்டாள். வந்ததும் எலிப்பொறிகளைக் காலி செய்தாள், மெத்தைகளை வெயிலில் போட்டாள், கேஸ் சிலிண்டரை மாற்றினாள், மழைத் தண்ணீர் டாங்கியில் செத்துக் கிடந்த தவளையை எடுத்து எறிந்தாள். இதெல்லாம் வருடா வருடம் அவள் வேலை. யாரும் அவளுக்கென்று ஒதுக்கியதில்லை. அவள் செய்யாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள், அதனால் அவள் வேலை.

அண்ணன் டெஸ்மண்ட் இந்த வருடம் வரவில்லை. மனைவியோடு, படுக்கை வைத்த காரவன் வண்டியை இழுத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்து வெயிலில் திரிந்துகொண்டிருந்தான். தங்கை ரேலீன் மெல்போர்னில் இருந்தாள். அவளுடைய நாய்க்குப் பல் பிடுங்கியிருந்தார்கள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அது மனம் உடைந்துபோகுமாம். சரி, அப்படியானால் போட்டியை இந்த வருடம் விட்டுவிடலாமா என்று கிளெனிஸ் கேட்டாள். இருவரும் பதறிவிட்டார்கள். வர முடியாதவர்களுக்குப் பாரம்பரியத்தின் மேல் பாசம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பாரம்பரியம் மட்டும் என்றால் பரவாயில்லை. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு தாண்டி இரண்டு வாரம் கொட்டகை சொந்தம். கோடையின் உச்சம், கடல் கண்ணாடிபோல் கிடக்கும் இரண்டு வாரம். மற்றவர்கள் வேண்டுமானால் விருந்தாளியாக ஒரு நாள் வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போகலாம். கிளெனிஸ் நாற்பத்தொன்பது வருடமாகப் பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறாள். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மற்ற வருடங்களில் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த வருடம் எடுத்துக்கொண்டாள். டார்வினில் இருக்கும் அவள் மகள் டீகன், ஐந்து வயது ஐலாவைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், ஆனால் கொட்டகை கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் அந்த விடுமுறை கணவன் வீட்டாருக்குப் போய்விடும். ஐலா பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மணலில் ஒருமுறை நடக்க வேண்டும். கிளெனிஸுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதை வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

காலையில் டாங்கிப் பக்கம் நின்று, அங்கே மட்டும்தான் போன் எடுக்கும், இருவரோடும் ஒரே நேரத்தில் பேசினாள். மூன்று பேருக்கும் நானே ஆடினால் சரியாக இருக்குமா, நீங்கள் நம்புவீர்களா என்று கேட்டாள். டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரேலீன் ஆடினா நம்பமாட்டேன். என்னை நானே நம்பமாட்டேன். நீ ஏமாத்தமாட்ட கிளென். அதுக்கெல்லாம் ஒரு மூளை வேணும்."

ரேலீனும் சிரித்தாள். கிளெனிஸும் சிரித்துவைத்தாள். இந்தக் குடும்பத்தில் பாராட்டு என்பது இப்படித்தான் வரும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். போனை வைப்பதற்கு முன் டெஸ்மண்ட் இன்னொன்றும் சொன்னான், தன் படகை ஆறு மணிவரை சும்மா சுற்றவிட்டால் போதுமாம், அதற்குப் பிறகு அது தானாக ஜெயித்துவிடுமாம்.

ஆட்டத்தின் பெயர் பத்து சிங்கி. கழற்றி எடுத்த அலமாரிக் கதவு ஒன்றின் பின்புறத்தில் அப்பா இந்தக் கடற்கரை முழுவதையும் வண்ணத்தில் வரைந்திருந்தார். விரிகுடாக்கள், பாறைகள், நடுவில் துறைமுகம். ஆளுக்கொரு மரப் படகு. பகடை உருட்டிக் கரையோரம் போகவேண்டும், பாறைக்குப் பாறை சிங்கி இறால் பிடிக்கவேண்டும், முதலில் பத்து சேர்த்துத் துறைமுகத்தில் இறக்கியவர் ஜெயித்தவர். சிங்கி என்றால் சிவப்புச் சாயம் பூசிய துணி மாட்டும் கிளிப்புகள். இதோடு விட்டிருந்தால் குழந்தைகள் விளையாட்டாகப் போயிருக்கும். அப்பா காற்று அட்டைகளையும் சேர்த்தார். ஒவ்வொருவர் கையிலும் ஐந்து அட்டை, ஒன்று முதல் ஒன்பதுவரை சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. இன்னொருவர் படகு நிற்கும் விரிகுடாவுக்குள் நீங்கள் போனால் அவரைக் காற்றுச் சண்டைக்குக் கூப்பிடலாம். இருவரும் ஆளுக்கொரு அட்டையைப் போட, பெரிய காற்று வைத்திருப்பவர் மற்றவரிடமிருந்து ஒரு சிங்கியைப் பிடுங்கிக்கொள்வார். போட்ட அட்டை கட்டுக்குப் போய், வேறொன்று கைக்கு வரும். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கூப்பிடுவதில்தான் ஆட்டத்தின் உயிரே இருந்தது.

கிளெனிஸ் மூன்று நாற்காலிக்கும் மூன்று கோப்பை தேநீர் ஊற்றினாள். டெஸ்மண்டுக்கு மூன்று சர்க்கரை. ஊற்றிய பிறகுதான் யார் குடிக்கப்போகிறார்கள் என்று யோசித்தாள். நாற்காலிகள் அவரவருடையவை, அதில் எப்போதும் மாற்றமில்லை. சமையல் மேடையை ஒட்டி, பெரிய ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி கிளெனிஸுடையது. அவளுக்கு ஒன்பது வயதில், முதல் ஆட்டத்தன்று அப்பா சொன்னார், நீ கெட்டில் பக்கம் உட்காரு கண்ணு, எட்டி எடுக்க வசதியா இருக்கும். அன்றிலிருந்து தேநீர் அவள் பொறுப்பானது. அவளுக்கு நேர் எதிரே அப்பாவின் நாற்காலி. அப்பா போன பிறகு வந்த முதல் ஈஸ்டரில், அது காலியாக இருக்கக் கூடாது என்று டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் அதில் உட்கார்ந்தான். இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறான், எழுந்திருக்கவில்லை. ரேலீனுக்குப் பக்கவாட்டு நாற்காலி.

அட்டைகளை யார் பிடித்துக்கொள்வது என்பது அடுத்த சிக்கல். சமையலறை இழுப்பறையில் ரொட்டித் துண்டுகளைச் செருகி நிறுத்தும் கம்பி ஸ்டாண்டுகள் மூன்று இருந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒன்றை வைத்து, முகம் அந்த நாற்காலியைப் பார்க்கும்படி ஐந்தைந்து அட்டைகளைக் கொஞ்சம் விரித்துச் செருகினாள். ஒவ்வொரு முறையும் நாற்காலி மாறி உட்கார்ந்து, அங்கே இருப்பவர் மூளையோடு ஆடவேண்டும். சற்று முன் மற்ற ஸ்டாண்டுகளில் பார்த்ததை மறந்துவிட வேண்டும். மறப்பதற்காக நாற்காலி மாறும்போதெல்லாம் கண்ணை மூடிப் பத்து எண்ணினாள். உலகத்தில் வேறு யாராவது இதைச் செய்வார்களா என்று தெரியவில்லை. தன்னிடமிருந்தே தன் அட்டையை மறைத்துக்கொண்டு, மறைத்ததை எட்டிப் பார்க்காமலும் இருந்தாள்.

இரண்டு மணி நேரம் ஆட்டம் அழகாகப் போயிற்று. டெஸ்மண்டாக உட்கார்ந்தபோது பகடையை மூன்று முறை மேசையில் தட்டினாள், அவன் அப்படித்தான் செய்வான். ரேலீனாக உட்கார்ந்தபோது கண்ணில் பட்ட எல்லோரையும் சண்டைக்குக் கூப்பிட்டாள். ஒருமுறை டெஸ்மண்ட் ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்தினான். எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தாள், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்காமல் படகைப் பின்னால் வைத்தாள். அவன் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டான் என்பதால் அவளும் கேட்கவில்லை. சிலுவை போட்ட பன் இரண்டைத் தின்றாள், மூன்றாவது ரேலீனுடையது என்று விட்டுவைத்தாள்.

பகல் வெளிச்சம் மங்கியபோது கிளெனிஸிடம் ஏழு சிங்கி இருந்தது. டெஸ்மண்டிடம் ஐந்து, ரேலீனிடம் நான்கு. அவளுக்கு இதில் மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. பகலில் அவள்தான் எப்போதும் முன்னால் இருப்பாள். கதையே அதற்குப் பிறகுதான். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கைப் போட்டதும் அவள் ஆட்டம் சரியத் தொடங்கும். வீட்டில் அதற்கு ஒரு வாசகமே இருந்தது. விளக்கு வச்சாச்சு, கிளெனிஸ் கதை முடிஞ்சுது. அப்பா ஆரம்பித்துவைத்தது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், அவள் இருட்டில் கார் சாவியைத் தேடும்போது, எங்கும் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளும் நம்பிவிட்டாள். எட்டு வருடத்துக்கு முன் பேருந்து டிப்போவில் ஹோபார்ட்டுக்குப் போகும் மாலை வண்டியை அவளுக்குக் கொடுக்க வந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். இருட்டினால் என் மூளை வேலை செய்யாது என்று மேலாளரிடம் தானே சொன்னாள், சிரித்துக்கொண்டு.

ஆறு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டாள். அடுத்து டெஸ்மண்டின் முறை. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பத்து எண்ணி, பகடையை மூன்று முறை தட்டி உருட்டினாள். நான்கு விழுந்தது. அவன் படகு நேராகப் போய், கிளெனிஸ் படகு நின்ற விரிகுடாவுக்குள் நுழைந்தது. சண்டைக்குக் கூப்பிடுவானா, மாட்டானா? டெஸ்மண்டாக யோசிக்க வேண்டும். அவன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தாள். நாற்காலியில் சாய்வான், தாடையைச் சொறிவான், கடலைப் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பார்ப்பான். அவளும் சாய்ந்தாள், சொறிந்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலில் கடல் இல்லை. வெளியே இருட்டிவிட்டது. கரிய கண்ணாடியில் தொங்கும் விளக்கும், மேசையும், கெட்டிலும் தெரிந்தன. கெட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு. அதில் ஐந்து அட்டைகள், இவளுக்கு முகம் காட்டி வரிசையாக நின்றன. மூன்று புள்ளி. ஒரு புள்ளி. நான்கு. இரண்டு. மறுபடி இரண்டு.

பாவம், யாருக்கோ மோசமான கை விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவு நேர்மையாக மறந்திருந்தாள். பிறகுதான் அது தன் கை என்று புரிந்தது.

எழுந்து மேசையைச் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டைகளைக் கையில் எடுத்து, எப்போதும் போல் மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கண்ணாடியில் அவள் தோளும், தோளுக்கு மேலே அட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன. அவள் குள்ளம். ஜன்னல் தாழ்வானது. தவறு யாருடையது என்று அப்பாவைக் கேட்டிருந்தால் தச்சு வேலையுடையது என்று சொல்லியிருப்பார். அட்டைகளை மறுபடி ஸ்டாண்டில் செருகிவிட்டு, ரேலீனின் நாற்காலியிலும் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து இரண்டு அட்டைதான் தெரிந்தது.

அலமாரிக் கதவைத் தூக்கி மறுபக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஜெயித்தவர்கள் பெயரெல்லாம் அங்கே வரிசையாக எழுதியிருந்தன, எத்தனை முறை யார் என்று அவளுக்கு மனப்பாடம். அப்பா இருபத்தொன்று. டெஸ்மண்ட் பத்தொன்பது. ரேலீன் ஒன்பது. பாதி தெரிந்த நாற்காலிக்குப் பாதி வெற்றி, எல்லாம் நியாயமாகத்தான் நடந்திருக்கிறது.

ஜன்னல் திரை நினைவுக்கு வந்தது. அப்பா இறந்து இரண்டாம் வருடம், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கடற்காகம் போட்ட துணியில் திரை தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். டெஸ்மண்ட் உள்ளே வந்தான், பார்த்தான், குரல் உடைந்துபோய் ஒரு சொற்பொழிவே ஆற்றினான். அப்பா பார்த்துக்கொண்டிருந்த கடல் இது, இதையா துணி போட்டு மூடுகிறாய், உனக்கு எப்படி மனசு வந்தது? கிளெனிஸ் அழுதுவிட்டாள், தானே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். திரை இப்போது பின்கட்டில் படகு மோட்டாருக்குப் போர்வையாக இருக்கிறது. இருட்டிய பிறகு அந்த ஜன்னலில் கடல் தெரியாது என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. டெஸ்மண்டுக்குத் தோன்றியிருக்கும்.

கோபம் வந்தது. டெஸ்மண்ட் மேல் வந்தது பெரிதில்லை, அவன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா மேல் வந்ததுதான் தாங்க முடியவில்லை. இருபத்தொரு முறை. தோற்ற பிறகு அவள் தலையைத் தடவிக்கொடுத்து, பரவாயில்ல கண்ணு, எல்லாருக்குமா மூளை இருக்கும் என்று சொன்ன மனுஷன். ஒன்பது வயதுப் பிள்ளையை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர், அதற்குக் கெட்டிலைக் காரணம் காட்டியவர். முதல் நாளே தெரிந்து செய்தாரா, பிறகு ஒரு நாள் கண்ணில் பட்டு, பட்டதை விட மனசில்லாமல் வைத்துக்கொண்டாரா? இனிக் கேட்க முடியாது. அவளுக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு டெஸ்மண்டின் தேநீரை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போய், தாங்க முடியாத தித்திப்பாக இருந்தது.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் விதிகள் ஆணி அடித்து மாட்டியிருந்தன, அப்பாவின் கையெழுத்தில், மேலே பிளாஸ்டிக் உறை. கிளெனிஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு விதிகளையும் முதலிலிருந்து படித்தாள். ஆட்டம் ஈஸ்டர் சனிக்கிழமை இந்த மேசையில் நடக்க வேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது. வராதவருக்காக வந்தவர் ஆட வேண்டும், ஆட்டம் செல்லும். அழக் கூடாது என்றுகூட ஒரு விதி இருந்தது, எட்டாவது. யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. அப்படி ஒன்றை எழுதினால் ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள், அப்பா அதற்கு இடம் கொடுக்கிறவர் இல்லை.

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். டெஸ்மண்டின் ஸ்டாண்டை, அட்டை ஒன்றுகூடச் சாயாமல் இரண்டு கையாலும் தூக்கிக் கெட்டில் பக்கம் வைத்தாள். தன்னுடையதைக் கொண்டுவந்து அப்பாவின் நாற்காலிக்கு முன் வைத்தாள். கோப்பைகளையும் மாற்றினாள், அண்ணனுக்குக் கெட்டில் பக்கமாகவே இருக்கட்டும்.

இன்னும் டெஸ்மண்டின் முறைதான். நியாயமாக, கெட்டில் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து அவனுக்காக யோசித்தாள். கையில் எட்டு இருந்தது, ஒன்பதும் இருந்தது. ஆனால் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே வெறும் மரச் சுவர்தான். கூப்பிட்டால் போய்விடுமோ, இருக்கிற ஐந்தும் குறைந்துவிடுமோ என்று தயக்கம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும், அவளுக்குத் தெரியாததா? டெஸ்மண்ட் சண்டைக்குக் கூப்பிடாமல் முறையை விட்டுக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு கிளெனிஸ் எதிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தாடையைச் சொறிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்தாள். அந்த அட்டைகளை அவளேதான் செருகினாள், சற்று முன் அவளேதான் அவற்றைக் கையாண்டாள். கண்ணாடியில் பார்க்க வேண்டிய அவசியம் கடுகளவும் இல்லை. இருந்தும் பார்த்தாள். டெஸ்மண்டிடம் ஒன்பது நின்றபோது பேசாமல் படகைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒன்பதையும் எட்டையும் அவன் ரேலீனோடு சண்டை போட்டுத் தீர்த்தான். அவன் ஸ்டாண்டில் இரண்டும் மூன்றுமாக மிஞ்சியபோது விரிகுடா விரிகுடாவாகத் துரத்திக்கொண்டு போய்க் கூப்பிட்டாள். ஆறு ஐம்பதுக்குப் பத்தாவது சிங்கியைத் துறைமுகத்தில் இறக்கினாள். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாற்பத்தொன்பது வருடமாக அவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாங்கிப் பக்கம் போய் நின்று இருவரையும் கூப்பிட்டாள். குவீன்ஸ்லாந்தில் யாரோ இறைச்சி சுடும் சத்தம் கேட்டது. மெல்போர்னில் நாய் முனகியது.

"என்ன, நான்தானே?" என்றான் டெஸ்மண்ட்.

"இல்ல. நான்."

ரேலீன் சிரித்தாள். "நீயா? விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டியா?"

"வச்சப்புறம்தான். இப்பதான் முடிஞ்சுது."

 டெஸ்மண்ட் தணிந்த குரலில், ஒரே ஆளாக ஆடுகிற ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பதை அந்த ஆளே முடிவு பண்ணிக்கொள்ளலாமே என்று சொன்னான். தப்பாகச் சொல்லவில்லையாம், பொதுவாகச் சொல்கிறானாம். கிறிஸ்துமஸ் என்பது விளையாட்டு இல்லையாம்.

"ஏமாத்த எனக்கு மூளை இல்லன்னு காலையில நீதானே சொன்ன," என்றாள் கிளெனிஸ்.

"சொன்னேன். அதான் எப்படின்னு கேக்கறேன்."

"எல்லாம் விதிப்படிதான். ஒண்ணே ஒண்ணு மாத்தினேன். விளக்கப் போட்டதும் உன் அட்டைய என் நாற்காலி முன்னாடி வச்சிட்டேன். நான் வந்து உன் நாற்காலில உக்காந்துட்டேன்."

அவள் காத்திருந்தாள். அதனாலென்ன, நாற்காலியில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்க வேண்டும். ஒன்றும் தெரியாதவன் அதைத்தான் கேட்பான். கேட்கட்டும், கேட்டுவிடட்டும் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இறைச்சி சுடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கேட்கவில்லை.

ரேலீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சொல்லணும்னு நெனச்சேன் கிளென். ஒவ்வொரு வருஷமும் நெனச்சேன்."

"ஒன்பது வருஷம் நல்லாவே நெனச்சிருக்க."

"இங்க பாரு," என்றான் டெஸ்மண்ட், "அப்பாவே ஆரம்பத்துல..."

"தெரியும். அவர இப்ப இழுக்காத. அவர நான் பாத்துக்கறேன்."

 டெஸ்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்குச் சாவி தேவைப்படுமே, அதை எப்படி அனுப்புவது என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டான். சாவி எப்போதும் தன்னிடம்தான் இருக்கிறது, எலிப்பொறியோடு சேர்த்து என்று கிளெனிஸ் நினைவூட்டினாள்.

"அடுத்த ஈஸ்டருக்கு வந்துடு டெஸ்," என்றாள். "நீ கெட்டில் பக்கம் உக்காந்துக்கோ. எட்டி எடுக்க வசதியா இருக்கும்."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சரி கிளென் என்றான், சின்னப் பையன் மாதிரி.

அடுத்து டீகனைக் கூப்பிட்டாள். மகள் இரண்டு முறை நிஜமாவா என்று கேட்டாள், பிறகு போனை விட்டுவிட்டு யாரிடமோ கத்திச் சொல்ல ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஐலா வந்தாள். பாட்டி, அந்தப் படகு விளையாட்டு எனக்கும் சொல்லித்தருவியா, நான் எங்க உக்காரணும் என்று கேட்டாள்.  உனக்கு எங்க பிடிக்குதோ அங்க உக்காரு கண்ணு என்றாள் கிளெனிஸ், சொன்ன பிறகுதான் அந்தக் கண்ணு என்பது அப்பாவின் சொல் என்று உறைத்தது.

உள்ளே வந்து அலமாரிக் கதவைத் திருப்பிப் போட்டாள். அடுப்புக்குக் கீழே இருந்த வண்ண டப்பாவைத் திறந்து, ஐம்பதாவது வரியில் தன் பெயரை எழுதினாள். மற்றவர்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அழிக்கவில்லை.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், படகு மோட்டாரின் மேலிருந்த கடற்காகத் திரையை உருவினாள். பெட்ரோல் நாற்றமும் மீன் நாற்றமும் ஏறியிருந்தன. ஆனால் தையல் எங்கும் விட்டிருக்கவில்லை, அவள் தையல் அப்படி. வாளியில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே மாட்டிவிட வேண்டும், ஐலா எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவள் அட்டை அவளுக்கு மட்டும் தெரியட்டும்.

ஈஸ்டர் வாரத்தில் மட்டும் துவைப்பதற்காகக் கழற்றிவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது துவைக்காவிட்டால் எப்படி?